தொட்டிக்குள் ஒரு கடல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குவோம். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் பழவேற்காடு. மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. தெற்கே எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையங்கள். இவற்றுக்கிடையே ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் ஒரு பெரிய உவர்நீர் ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இறால், நண்டு, மடவை, பால்மீன் ஆகியவற்றோடு இங்கே கிடைக்கும் மற்றொரு மீன் கொடுவா. முள் குறைவு, சதை வெண்மை, சுவை மிகுதி. ஆகவே மீன் அங்காடியில் கொடுவாவுக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு.

இத்தகைய மீனைக் குளத்தில் வளர்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். வளர்க்க முடியும். ஆனால், குஞ்சுக்கு எங்கே போவது? நெல் பயிரிடுபவர் சென்ற அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்கிறார். கோழி வளர்ப்பவர் முட்டையை அடைகாக்க வைக்கிறார். கொடுவா வளர்ப்பவரோ நெடுங்காலம் ஏரியிலும் கழிமுகத்திலும் தற்செயலாகக் கிடைத்த குஞ்சுகளை நம்பியே இருந்தார். ஓராண்டு கிடைக்கும், மறு ஆண்டு கிடைக்காது. மேலும், ஏரியிலிருந்து குஞ்சுகளை அள்ளி எடுப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு ஒப்பாகும். இன்று குஞ்சை அள்ளினால், நாளை வலையில் பெரிய மீன் விழாது.

இந்தச் சிக்கலுக்கு விடை காண்பதற்காகத்தான் கடல் மீன்களின் இனப்பெருக்கத்தை மனிதன் தன் கைக்குள் கொண்டுவர முயன்றான். அந்த முயற்சி எப்படி வெற்றி பெற்றது, இன்னும் எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் தந்தை, பிறகு தாய்

கொடுவாவின் அறிவியல் பெயர் லேட்டெஸ் கால்கரிஃபர். அதன் வாழ்க்கை வரலாறு விந்தையானது. ஏரியிலும் ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளரும் இந்த மீன், இனப்பெருக்கத்துக்கு உப்பு மிகுந்த முகத்துவாரத்தையும் கடலையும் நாடிச் செல்கிறது. அங்கே பொரிக்கும் குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு மீண்டும் உள்நீருக்குள் வருகின்றன.

அதைவிட விந்தை, ஒரே மீன் முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வாழ்வது! மூன்று நான்கு வயதில், இரண்டு மூன்று கிலோ எடையில், பெரும்பாலான கொடுவா மீன்கள் ஆண்களாக முதிர்ச்சி அடைகின்றன. பிறகு அவற்றின் விந்தகம் படிப்படியாகச் சூலகமாக மாறுகிறது. ஐந்தாறு வயதைக் கடந்து, நான்கு கிலோவுக்கு மேல் எடை கொண்ட மீன்களே பெரும்பாலும் பெண்கள். ஆகவே இன்று ஒரு குஞ்சைத் தாய்மீனாக்க வேண்டும் என்று தொட்டியில் விட்டால், அது முட்டையிடுவதைப் பார்க்க ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்து தீனி போட வேண்டும். கடல் மீன் இனப்பெருக்கம் செலவும் பொறுமையும் கேட்கும் தொழிலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அறுந்துபோன சங்கிலி

தொட்டியில் நன்றாகத் தின்று கொழுத்து வளரும் மீன் ஏன் தானாக முட்டையிடுவதில்லை?

மீனுக்கு நாட்காட்டி கிடையாது. ஆனால் பகலின் நீளம், நீரின் வெப்பம், உப்பின் அளவு, நிலவின் பிறைகள், கடலின் ஏற்ற இறக்கம் ஆகிய அனைத்தும் அதற்கு நாட்காட்டியாக அமைகின்றன. கொடுவா பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், மாலைக்குப் பின் இரவில் முட்டையிடுகிறது. அந்த நாட்களில் சூரியனும் நிலவும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால் இருவரின் ஈர்ப்பும் சேர்ந்து கடல் ஏற்றம் மிகுகிறது. மிகுந்த ஏற்றம் முட்டைகளையும் குஞ்சுகளையும் கழிமுகத்துக்குள் வெகு தூரம் தள்ளிச் செல்லும். இயற்கையின் கணக்கு எவ்வளவு நுட்பமானது, பாருங்கள்!

இந்த அறிகுறிகளை மீனின் மூளை உணர்ந்து ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி வேறொரு ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. அது சூலகத்தை அடைந்ததும் முட்டைகள் இறுதி முதிர்ச்சி பெற்று வெளிவருகின்றன. அதாவது, இது ஒரு சங்கிலி. தொட்டியில் உள்ள மீனுக்கு வெளி அறிகுறிகள் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே சங்கிலியின் முதல் கண்ணியே செயல்படாமல் போகிறது. சூலகத்தில் முட்டைகள் ஓர் அளவு வரை வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன.

இச்சங்கிலியை நடுவில் பிடித்து இழுக்க முடியும் என்பதை இந்தியாவில் நன்னீர்க் கெண்டை மீன்களில் காட்டியவர்கள் ஹீராலால் சவுத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் இடத்தில் அவர்கள் வெற்றி கண்டனர். இறந்த மீன்களின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றை உயிருள்ள மீனுக்கு ஊசி மூலம் செலுத்துவதே அவர்கள் முறை. நாட்டின் நன்னீர் மீன் வளர்ப்பையே அது மாற்றியது. ஆண்டுதோறும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

பின்னர் 1971இல் சங்கிலியின் முதல் கண்ணியான மூளை ஹார்மோனின் அமைப்பைப் பாலூட்டிகளில் கண்டறிந்தனர். அது பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை. இப்பணிக்காக ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லமினும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இயற்கையான இந்த மாலை இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆனால் அதில் ஓரிரு மணிகளை மாற்றிக் கோத்தால், நொதிகளால் அதை எளிதில் வெட்ட முடிவதில்லை. மருந்தும் நெடுநேரம் வேலை செய்யும். இப்படி மாற்றிக் கோத்த ஹார்மோன்தான் இன்று கடல் மீன்களுக்குச் செலுத்தப்படுகிறது. இதனால் சுரப்பிக்காக மற்ற மீன்களைக் கொல்ல வேண்டியதில்லை. மீனின் சொந்தப் பிட்யூட்டரியே தட்டி எழுப்பப்படுகிறது.

முட்டுக்காட்டில் நடந்தது

கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் முன்னோடி நாடு தாய்லாந்து. 1970களின் தொடக்கத்திலேயே அங்கே இம்முயற்சி தொடங்கியது. நம் நாட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டில் அதன் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கேதான் 1997இல், சிறை வளர்ப்பில் இருந்த கொடுவாவை முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைப்பதில் இந்தியா முதல் வெற்றி கண்டது.

செய்முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். தாய்மீன்களும் தந்தைமீன்களும் 100 டன் அளவு நீர் கொள்ளும் பெரிய சிமென்ட் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. நீரில் ஆயிரத்துக்கு 30 பங்கு அளவில் உப்பு இருக்க வேண்டும். நாள்தோறும் பெரும்பகுதி நீரை மாற்ற வேண்டும். தாய்மீனின் சூலகத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே சில முட்டைகளை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் அளந்து பார்க்கிறார்கள். முட்டையின் குறுக்களவு 0.45 மில்லிமீட்டரை எட்டியிருந்தால் மீன் தயார் என்று பொருள். சிறியதாக இருந்தால் ஊசி போட்டுப் பயனில்லை.

ஊசியின் அளவு என்ன? பெண்மீனின் எடையில் ஒரு கிலோவுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம். ஆணுக்கு அதில் பாதி. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். ஐந்து கிலோ எடையுள்ள தாய்மீனுக்கு வேண்டிய மருந்து மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான்! நாலைந்து உப்புப் பரல்களின் எடைக்கு மேல் இராது. ஊசி போட்ட பின் ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் முட்டையிடும் தொட்டியில் விடுகிறார்கள். ஏறத்தாழ 30 முதல் 36 மணி நேரத்தில், பெரும்பாலும் மறுநாள் மாலைக்குப் பின், முட்டைகள் லட்சக்கணக்கில் நீரில் மிதக்கின்றன.

மிதப்பது நல்லதா, மூழ்குவது நல்லதா?

விதைநெல் தேர்ந்தெடுக்கும் முறையை நம் மாணவர்கள் பலர் வயலில் பார்த்திருப்பார்கள். நீரில் ஒரு கோழிமுட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைப்பார்கள். பிறகு அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மேலே மிதக்கும். முற்றிய மணிகள் அடியில் தங்கும். மிதப்பதை நீக்கிவிட்டு மூழ்கியதைக் கழுவி விதைப்பார்கள்.

கொடுவா முட்டையில் இது தலைகீழ்! கருவுற்ற நல்ல முட்டை மிதக்கும். கருவுறாததும் இறந்ததும் மூழ்கும். அம்முட்டை 0.8 மில்லிமீட்டர் அளவுள்ள, கண்ணாடி போலத் தெளிந்த உருண்டை. உள்ளே ஒரு துளி எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயும், முட்டைக்குள் இருக்கும் உப்புக் குறைந்த நீரும் அதன் அடர்த்தியைக் கடல் நீரைவிடச் சற்றுக் குறைவாக வைக்கின்றன. முட்டை இறந்தால் அதன் சவ்வு உப்பைத் தடுக்க இயலாமல் போகிறது. அடர்த்தி கூடி அடியில் இறங்குகிறது. எனவே தொட்டியில் காற்றூட்டலைச் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். மேலே நல்லவை, கீழே கெட்டவை என்று ஆர்க்கிமிடீஸ் விதியே பிரித்துத் தந்துவிடுகிறது.

28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 996 கிராம். ஆயிரத்துக்கு 30 பங்கு உப்புள்ள நீரின் எடை ஏறத்தாழ 1,019 கிராம். வேறுபாடு 23 கிராம்தான். ஆனால் மீன்முட்டைக்கு அந்த இரண்டு சதவீதமே வாழ்வும் சாவும். உப்புக் குறைந்த நீரில் நல்ல முட்டையும் மூழ்கும். அடியில் குவிந்து, காற்றுக் கிடைக்காமல் அழுகும். கொடுவா ஏன் ஏரியின் உள்ளே முட்டையிடாமல் உப்பு மிகுந்த முகத்துவாரத்தைத் தேடிப் போகிறது என்பது இப்போது விளங்கும்.

மூன்றாம் நாள் கண்டம்

முட்டைகள் 27, 28 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரத்தில் பொரிகின்றன. அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. உண்மையான சோதனை இனித்தான் தொடங்குகிறது.

பொரித்த குஞ்சின் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் வாய் திறக்கும். திறந்த வாய்க்குள் நுழையக்கூடிய, நீரில் அசையக்கூடிய, உயிருள்ள இரை அப்போது அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் லட்சக்கணக்கான குஞ்சுகளும் ஓரிரு நாளில் மடியும். கெண்டைக் குஞ்சுக்குத் தவிடும் பிண்ணாக்கும் தூவி வளர்ப்பதுபோல் இவற்றை வளர்க்க முடியாது.

அந்த முதல் இரை ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரி. அதன் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். ரோட்டிஃபருக்கு உணவு நுண்பாசி. ஆகவே மீனுக்கு ஊசி போடுவதற்கு முன்பே பாசியை வளர்க்கத் தொடங்க வேண்டும். பாசி தழைத்ததும் அதில் ரோட்டிஃபரைப் பெருக்க வேண்டும். விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகு உலை வைத்தால் ஆகாது அல்லவா? ஏறத்தாழ பத்தாம் நாள் முதல் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் உயிரியின் குஞ்சுகள் தரப்படுகின்றன. இதன் உலர்ந்த முட்டைகளைக் கடல் நீரில் போட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா வாழ்கிறது.

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. கடல் மீன் குஞ்சுகளுக்கு வேண்டிய சில கொழுப்பு அமிலங்களை அவற்றின் உடல் போதுமான அளவில் தயாரித்துக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். எனவே அந்தச் சத்துகளை முதலில் ரோட்டிஃபருக்கும் ஆர்ட்டீமியாவுக்கும் ஊட்டி, அவற்றின் வழியே குஞ்சுக்குச் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது கண்டம் தன்னினம் தின்னல். கொடுவாக் குஞ்சுகள் சமமாக வளர்வதில்லை. சற்றுப் பெரிய குஞ்சு தன் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள உடன்பிறப்பையே விழுங்கிவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை, மாவைச் சலிப்பதுபோல், துளையிட்ட கூடைகளின் வழியே குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். இதைப் பொறுப்புடன் செய்யும் இடத்தில் குஞ்சுகள் பிழைக்கின்றன. சோம்பினால் தொட்டியில் சில பெரிய குஞ்சுகளே மிஞ்சும். 25 நாளில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அளவை எட்டும் குஞ்சுகள், அடுத்த சில வாரங்கள் சிறு வலைக்கூண்டுகளில் வளர்க்கப்பட்ட பின் குளத்துக்குப் போகின்றன. நல்ல பராமரிப்பில் ஏறத்தாழ ஓராண்டில் அவை 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை எடை கூடும்.

எண்ணிக்கை போதாது, வித்தும் வேண்டும்

குஞ்சு கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி: எத்தகைய குஞ்சு?

நெல்லில் நல்ல கதிரைத் தேர்ந்து விதைப்பதுபோல், நன்கு வளரும் மீன் குடும்பங்களைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்கலாம். நார்வே நாட்டார் 1970களில் சால்மன் மீனில் இதைத் தொடங்கினர். நம் நாட்டில் புவனேசுவரத்தில் ரோகு கெண்டையில் 1992இல் தொடங்கிய பணியின் பயனாக ஜெயந்தி என்னும் ரகம் உருவாயிற்று. அதன் வளர்ச்சி ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரியாக 17 சதவீதம் கூடியது. இது கூட்டு வட்டி போன்றது. நான்கு தலைமுறையில் ஏறத்தாழ 1.87 மடங்கு ஆகிறது.

கொடுவாவில் இது எளிதன்று. ஒரு தலைமுறைக்கே பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மீன் பெண்ணாகும்போது, அது ஆணாக இருந்த காலம் கடந்துவிடுகிறது. மேலும், ஒரு தாய்மீனே லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், ஒரே தாயின் குஞ்சுகளைக் கொண்டு பல குளங்களை நிரப்பிவிட முடியும். இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது.

இதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தாய்களின் எண்ணிக்கையைத் தந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இருவரின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மரபியல் நோக்கில் பயன்படும் பெற்றோர் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு தாய், இரண்டு தந்தை எனில் விடை 2.67. இத்தகைய கூட்டத்தில் நெருங்கிய உறவுக் கலப்பு ஒரே தலைமுறையில் ஏறத்தாழ 19 சதவீதம் கூடும். 50 தாயும் 50 தந்தையும் இருந்தால் அது வெறும் அரை சதவீதம். உறவுக் கலப்பு மிகுந்தால் வளர்ச்சி குன்றும். ஊனமும் நோயும் பெருகும். ஆகவே பல இடங்களிலிருந்து பெற்றோரைத் திரட்டுவதும், மரபணுக் குறியீடுகளால் எந்தக் குஞ்சு யாருடையது என்று கண்டறிவதும், சிறந்த ஆண்களின் விந்தை உறைகுளிரில் சேமிப்பதும் இன்றைய ஆராய்ச்சியின் முக்கிய வேலைகள். வெப்பமும் உப்பும் கட்டுப்படுத்தப்பட்ட மறுசுழற்சித் தொட்டிகளால், பருவம் தவறிய காலத்திலும் கொடுவாவை முட்டையிடச் செய்யும் முறை வந்துவிட்டது.

கொடுவாவுக்குப் பின் மற்ற மீன்களும் கைவசமாயின. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010இல் கடல் விராலையும், 2011இல் பாறை இனத்தைச் சேர்ந்த வெள்ளிப் பொம்பானோவையும் இனப்பெருக்கம் செய்தது. முட்டுக்காட்டில் 2015இல் பால்மீன் முட்டையிட்டது. கொடுவா மற்ற மீனைத் தின்று வளர்வது. பால்மீனோ பாசி தின்று வளர்வது. ஆகவே தீனிச் செலவு குறைவு.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம்

1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளைத் தாக்கியது. பல குளங்கள் வறண்டு கிடந்தன. ஒரே உயிரினத்தை நம்பினால் நேரும் இழப்பை அது காட்டியது. அத்தகைய குளங்களில் இறாலுக்கு மாற்றாகக் கொடுவாவும் பால்மீனும் வளரும். குஞ்சு பொரிப்பகம் நடத்தப் பெரும் முதல் வேண்டும். ஆனால் சிறு குஞ்சைக் கூண்டில் வளர்த்துப் பெரிதாக்கிக் கொடுப்பது ஒரு குடும்பமோ மகளிர் குழுவோ மேற்கொள்ளக்கூடிய தொழில்.

ஆனால் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. பொரிப்பகத்துக்கு முதல் தேவை தூய கடல் நீர். ஊசி மருந்தையும் தீனியையும் விலைக்கு வாங்கலாம். கழிவு கலந்த நீரில் ஒன்றரை மில்லிமீட்டர் குஞ்சு பிழைக்காது. தொழிற்சாலைகள் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி, எண்ணூர்ப் பகுதிகளில் ஆறும் கழியும் தூய்மையாக இருப்பது மீனவரின் கோரிக்கை மட்டுமன்று, மீன் வளர்ப்பின் அடிப்படைத் தேவையும் ஆகும்.

இரண்டாவது, பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம். அங்கே அடிக்கடி மணல் மேடிட்டு வாய் சுருங்குகிறது. வாய் அடைபட்டால் ஏரிக் கொடுவா கடலுக்குப் போக முடியாது. கடலில் பொரித்த குஞ்சும் ஏரிக்குள் வர முடியாது. தொட்டியில் லட்சம் குஞ்சு பொரித்தாலும், உறவுக் கலப்பின்றி வித்தைப் புதுப்பிக்க இயற்கையில் வளர்ந்த புதிய தாய்மீன்கள் வேண்டும். அவை அந்த வாய் வழியேதான் வந்தாக வேண்டும்.